குதிரையை அறிந்த ராஜா தேசிங்கு

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, பாலாற்றின் வடகரையோரமாகக் கிழக்கே போனால் ராணிப்பேட்டை வரும். தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் போன ஊர். 2019-ஆம் ஆண்டு முதல் அது ஒரு மாவட்டத்தின் தலைநகரமாகவும் இருக்கிறது.

ஊரின் பெயரைத் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் சொல்கிறார்கள். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கிறது. தோல் மூட்டைகளின் மேல் முத்திரையாகக் குத்தப்படுகிறது.

ஆனால் எந்த ராணியின் பேட்டை இது?

அந்த ராணியின் கணவன்தான் ராஜா தேசிங்கு. செஞ்சிக் கோட்டையை ஓராண்டுகூட முழுதாக ஆளாதவன். 22 வயதில் போர்க்களத்தில் மாண்டவன். மாண்டு 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் தமிழ்நாட்டில் அவன் பெயரைக் கேள்விப்படாதவர் இல்லை. தெருக்கூத்தில் அவன் வருகிறான். பெரிய எழுத்துப் புத்தகத்தில் வருகிறான். 1960-ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படத்திலும் வந்தான். கொஞ்சம் மிடுக்காக நடக்கும் பையனைப் பார்த்தால், பெரிய தேசிங்கு ராஜா என்ற நினைப்பு என்று பாட்டிமார்கள் இன்றும் இடித்துக் காட்டுவார்கள்.

தேசிங்கு என்றதும் எல்லோருக்கும் கண்முன் வருவது அவனுடைய குதிரை. யாராலும் அடக்க முடியாத குதிரையை அவன் அடக்கினான்.

குதிரையை எடை போடத் தெரிந்த அந்த இளைஞன், எங்கே கணக்குத் தவறினான்? அதுதான் அவன் வாழ்க்கையின் சோகம்.

வடக்கே இருந்து வந்தவன்

தேசிங்கு என்பது தமிழ் மக்கள் வழங்கிய பெயர். அவனுடைய உண்மைப் பெயர் தேஜ்சிங். அவன் தமிழன் அல்லன். நடு இந்தியாவில் உள்ள புந்தேல்கண்டைச் சேர்ந்த ராஜபுத்திரன்.

புந்தேல்கண்டுக்கும் செஞ்சிக்கும் என்ன தொடர்பு?

செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளை மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டை. தென்னாட்டில் அதற்கு இணையான கோட்டை இல்லை என்று பெயர் வாங்கியது. 1677-ஆம் ஆண்டு சத்ரபதி சிவாஜி அதைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் பின்னாளில் அங்கே வந்து தங்கினார். அவரைப் பிடிக்க ஒளரங்கசீப் சக்கரவர்த்தி படையை அனுப்பினார். 1690-ல் தொடங்கிய முற்றுகை 1698-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் முடிந்தது. மொகலாய சாம்ராஜ்யத்தின் பெரும் படை, ஒரு கோட்டையின் வாசலில் ஏழு ஆண்டுகளுக்கு மேல் காத்துக்கிடந்தது!

இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தேசிங்கின் கதைக்கு இது அவசியம்.

கோட்டை கைக்கு வந்ததும், 1700-ஆம் ஆண்டு வாக்கில், அதன் காவலை ஸ்வரூப்சிங் என்ற புந்தேலத் தலைவரிடம் ஒளரங்கசீப் ஒப்படைத்தார். கோட்டையோடு சுற்றுப்புற நிலங்களும் ஜாகீராகக் கிடைத்தன. அந்த ஸ்வரூப்சிங்கின் மகன்தான் தேஜ்சிங்.

புந்தேலர்கள் குதிரையோடு பிறந்து குதிரையோடு வளர்ந்தவர்கள் என்று சொல்லலாம். வயலை வைத்து ஒரு குடியானவனை மதிப்பதுபோல், குதிரையை வைத்து ஒரு வீரனை மதித்த காலம் அது. நல்ல குதிரை இருந்தால் வேலை கிடைக்கும், சம்பளம் கிடைக்கும். போர்க்களத்தில் குதிரை கால் தடுக்கினால், மேலே இருப்பவன் உயிர் போய்விடும். எனவே, குதிரையைப் பார்த்து வாங்குவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல. உயிர்ப் பிரச்சினை!

பாதுஷாவின் முரட்டுக் குதிரை

தேசிங்கு ராஜன் கதை என்ற நாட்டுப்பாடலை ஊர் ஊராகப் பாடிப் பரப்பியவர்கள் பலர். சரித்திரத்தில் இல்லாத பலவற்றை அது சேர்த்துச் சொல்கிறது. அதில் முதன்மையானது குதிரைக் கதை.

டில்லி பாதுஷாவிடம் ஒரு குதிரை வந்தது. பெயர் பாராசாரி. பார்த்தால் அழகு. கிட்டப் போனால் ஆபத்து. ஏற முயன்றவர்களை எல்லாம் தூக்கி எறிந்தது. பெரிய பெரிய வீரர்கள் தோற்றார்கள். செஞ்சியில் இருந்து தேசிங்கின் தந்தைக்கு ஓலை வந்தது. அவரும் போனார். அவராலும் முடியவில்லை. பாதுஷா அவரைச் சிறையில் அடைத்துவிட்டார்.

மகனுக்கு விஷயம் தெரிந்தது. தாயின் கண்ணீரைப் பார்த்தான். டில்லிக்குப் புறப்பட்டான். பாராசாரியின் மேல் ஏறினான், அடக்கினான், தந்தையை மீட்டான். பாதுஷா மகிழ்ந்து குதிரையையே அவனுக்குப் பரிசாகக் கொடுத்தார். மணப்பெண்ணும் அங்கேயே கிடைத்தாள். இது கதை.

சரித்திரம் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. தந்தை இறந்த சமயத்தில் தேஜ்சிங் புந்தேல்கண்டில் இருந்தான் என்றும், அதன் பிறகே மனைவியோடு செஞ்சிக்கு வந்தான் என்றும் சரித்திர ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் கதையை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. குதிரையை அறிந்தவன் என்ற பெயர் சும்மா வராது. பாராசாரியை யாராலும் அடக்க முடியவில்லை என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பவன்தான் குதிரைக்காரன். பலத்தால் குதிரையை அடக்க முடியாது. பத்து ஆள் பலம் அதற்கு உண்டு.

நிழலைக் கண்டு மிரண்ட குதிரை

இதே போன்ற கதை ஒன்று கிரேக்க நாட்டிலும் உண்டு.

மாசிடோனிய மன்னன் பிலிப்பிடம் ஒரு வியாபாரி குதிரையைக் கொண்டுவந்தான். விலை 13 டாலன்ட். அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. குதிரையை மைதானத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். யாரையும் கிட்டே விடவில்லை. முன்னங்கால்களைத் தூக்கி எகிறியது. மன்னனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஓட்டிப் போகச் சொன்னான்.

பக்கத்தில் நின்ற சிறுவன் மட்டும் குதிரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குதிரை எப்போது மிரளுகிறது என்று பார்த்தான். தரையில் விழுந்த தன் நிழல் அசைவதைக் கண்டுதான் அது மிரண்டது! சிறுவன் போய்க் கடிவாளத்தைப் பிடித்தான். குதிரையின் முகத்தைச் சூரியனை நோக்கித் திருப்பினான். நிழல் பின்னால் போய்விட்டது. மெல்லத் தட்டிக்கொடுத்தான். பிறகு ஏறினான்.

அந்தச் சிறுவன்தான் மகா அலெக்சாண்டர். குதிரையின் பெயர் புசிபாலஸ். இந்தியா வரைக்கும் அது அவனைச் சுமந்துவந்தது. கி.மு. 326-ல் போரஸ் மன்னனுடன் நடந்த போரை ஒட்டி, ஜீலம் நதிக்கரையில் இறந்தது. அங்கே ஓர் ஊரை உண்டாக்கி, அதற்குத் தன் குதிரையின் பெயரையே வைத்தான் அலெக்சாண்டர்.

குதிரை முரண்டு பிடித்தால் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். பயம், வலி, கெட்ட பழக்கம். பயத்தைப் போக்கலாம். முதுகில் சேணம் உராய்ந்த புண்ணோ, கடிவாளம் கிழித்த வாயோ இருந்தால் வலியை ஆற்றலாம். கெட்ட பழக்கம் ஊறிப்போயிருந்தால் மட்டும் வாங்காமல் திரும்பிவிடுவது நல்லது. எது என்று பிரித்தறியத் தெரியாதவன், நல்ல குதிரையை இழந்துவிடுவான். அல்லது கெட்ட குதிரையை வாங்கிவிடுவான்.

பாண்டியர் கொட்டிய பொன்

குதிரையைச் சரியாகப் பார்க்கத் தெரியாததால் தமிழ்நாடு இழந்த பணம் கொஞ்சநஞ்சம் அல்ல.

13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னர்கள் அரேபியாவில் இருந்தும் பாரசீகத்தில் இருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கினார்கள். அவை காயல் துறைமுகத்தில் வந்து இறங்கின. ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை என்று பாரசீக ஆசிரியர் வஸ்ஸாப் எழுதிவைத்தார். கடலில் செத்த குதிரைக்கும் பணம் தருவதாக ஒப்பந்தம்!

வந்த குதிரைகளும் நீண்ட நாள் வாழவில்லை. வெனிஸ் நகர யாத்திரிகர் மார்க்கோ போலோ இதைக் கவனித்தார். குதிரைகளைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை, சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போடுகிறார்கள் என்று குறித்தார். செத்தால் அடுத்த ஆண்டு மறுபடியும் வாங்க வேண்டும். வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம்!

மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போன கதையும், நரி பரியான கதையும் தமிழ் மக்களின் நெஞ்சில் இவ்வளவு ஆழமாகப் பதிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். குதிரைக்காகக் கஜானாவைத் திறந்த நாடு இது.

பரி பார்க்கும் கலை

குதிரை வாங்குகிறவன் எப்படிப் பார்க்க வேண்டும்? தேசிங்கின் காலத்துக் குதிரை வீரர்களுக்குக் கைவந்த கலை இது. இன்றும் அந்த முறை பெரிதாக மாறிவிடவில்லை.

முதலில், வியாபாரி குதிரையை வெளியே கொண்டுவருவதற்கு முன்பே போய்விட வேண்டும். லாயத்தில் அது சும்மா நிற்கும்போது பார்க்க வேண்டும். ஒரு முன்னங்காலை அடிக்கடி முன்னே நீட்டி ஓய்வு கொடுக்கிறதா? மரக்கட்டையைக் கடித்துக் காற்றை விழுங்குகிறதா? ஆள் வந்ததும் காதைப் பின்னால் மடக்குகிறதா? இவை எல்லாம் குதிரை வாய் திறந்து சொல்லாமல் சொல்லும் செய்திகள்.

அடுத்தது பல். குதிரையின் ஜாதகம் அதன் வாயில் இருக்கிறது. முன்வரிசையின் நடுப் பால்பற்கள் இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும். அதற்கு அடுத்தவை மூன்றரையில். கடைசி ஜோடி நாலரையில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். பல்லின் மேல் இருக்கும் கருங்குழி பிறகு தேயத் தொடங்கும். கீழ்வரிசையில் ஆறு வயதில் நடுப்பற்களிலும், ஏழில் அடுத்தவற்றிலும், எட்டில் ஓரப்பற்களிலும் குழி மறையும். வயது ஏற ஏறப் பல் நீண்டு முன்னே சாயும்.

ஏமாற்றுகிறவர்களுக்கும் இது தெரியும். கிழட்டுக் குதிரையின் பல்லைக் குடைந்து, சூட்டுக்கோலால் கருக்கி, இளங்குதிரை என்று விற்ற ஆசாமிகள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் பல்லின் சாய்வை அவர்களால் மாற்ற முடியாது!

மூன்றாவது, கால். கால் இல்லையேல் குதிரை இல்லை. உள்ளங்கையால் முழங்காலில் இருந்து குளம்பு வரை தடவிப் பார்க்க வேண்டும். ஒரு காலுக்கும் மறு காலுக்கும் வித்தியாசம் இருந்தால், சூடு தெரிந்தால், வீக்கம் இருந்தால் எச்சரிக்கை. குளம்பைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வெடிப்பு உண்டா? அழுகல் நாற்றம் உண்டா?

நான்காவது, நடை. கெட்டித் தரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து நடக்கவிட வேண்டும். பிறகு சின்ன ஓட்டம். முன்னங்காலில் நோவு இருந்தால் தலை காட்டிக் கொடுத்துவிடும். நோகும் கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிற வியாபாரி எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம்.

ஐந்தாவது, மூச்சு. நன்றாக ஓட்டி நிறுத்தி, மூக்கருகே காது கொடுக்க வேண்டும். இரைச்சலோ விசிலோ கேட்டால், போர்க்களத்தில் பாதி வழியில் நின்றுவிடும். கண்ணில் புகை படிந்திருக்கிறதா என்பதையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

கடைசியாக, மறுநாளும் வந்து பார்க்க வேண்டும். முரட்டுக் குதிரைக்கு அபின் கொடுத்துச் சாதுவாக்கி விற்பது பழைய தந்திரம். காலையில் ஓட்டி ஓட்டிக் களைக்க வைத்துப் பிறகு காட்டுவதும் உண்டு. ஒரே நாளில் வாங்குகிறவன் வியாபாரி காட்டிய குதிரையை வாங்குகிறான். இரண்டு நாள் பார்க்கிறவன்தான் உண்மையான குதிரையை வாங்குகிறான்.

இவற்றோடு சுழி பார்ப்பதும் நம் நாட்டு வழக்கம். மயிர்ச்சுழி எங்கே இருந்தால் யோகம், எங்கே இருந்தால் ஆகாது என்று பழைய பரிநூல்கள் விரிவாகச் சொல்கின்றன. சாலிஹோத்திரர் பெயரிலும், பாண்டவரில் நகுலன் பெயரிலும் அசுவ சாஸ்திரங்கள் வழங்குகின்றன. ஓவியங்களோடு கூடிய அத்தகைய சுவடி தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் உண்டு.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில், ஆடி மாதத்தில் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் குதிரைச் சந்தையில் இந்தக் காட்சிகளை இன்றும் காணலாம். மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள் வரும். வாயைப் பிரிப்பவர் ஒருவர். காலைத் தடவுபவர் ஒருவர். சுழியை எண்ணுபவர் ஒருவர். காட்பாடி ரயிலடியில் ஜட்கா வண்டிகள் வரிசையாக நின்ற காலத்தில், இந்தப் பக்கத்து வண்டிக்காரர்களும் பல்லைப் பார்க்காமல் மட்டக்குதிரை வாங்கியதில்லை.

இத்தனையும் எதற்காக? நம் ஆசையை நாமே நம்பக்கூடாது என்பதற்காக. கண் குதிரையின் அழகில் மயங்கும். கை அதன் காலைத் தடவினால்தான் உண்மை தெரியும்.

70 லட்சம் பாக்கி

1714-ஆம் ஆண்டு ஸ்வரூப்சிங் காலமானார். செய்தி புந்தேல்கண்டுக்குப் போயிற்று. தேஜ்சிங் தன் இளம் மனைவியோடும் நண்பன் மகபத்கானோடும் செஞ்சிக்கு வந்தான். இந்த மகபத்கானைத்தான் நாட்டுப்பாடல் மோமுத்துகான் என்று சொல்கிறது. அவன் குதிரையின் பெயர் நீலவேணி. ராஜபுத்திரனும் முஸ்லிமும் உயிருக்கு உயிரான சிநேகிதர்கள். மக்கள் மனத்தைக் கதையில் மிகவும் கவர்ந்தது இந்த நட்புத்தான்.

தந்தையின் கோட்டை தனக்கே என்று தேசிங்கு பட்டத்தில் அமர்ந்தான். ஒளரங்கசீப் கொடுத்த சாசனம் கையில் இருந்தது.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

பாலாற்றின் தென்கரையில், ஆர்க்காட்டில் நவாப் சாதத்துல்லாகான் இருந்தார். 1710-ஆம் ஆண்டு முதல் கர்நாடகத்தின் அதிபதி அவர். ஒளரங்கசீப் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. டில்லியில் பருக்சியார் அரசாண்டார். பழைய சாசனம் தந்தைக்குத்தான்; மகன் புதிய உத்தரவு பெறவேண்டும் என்று நவாப் வாதித்தார். கோட்டைக்காகச் செலுத்தவேண்டிய கப்பமும் பல ஆண்டுகளாக நின்றிருந்தது. பாக்கி 70 லட்சம் ரூபாய் என்று கணக்குக் காட்டப்பட்டது!

தேசிங்கு ஒப்புக்கொள்ளவில்லை. கப்பம் கட்டவும் இல்லை. உத்தரவுக்கு எழுதவும் இல்லை. நவாப் படையோடு புறப்பட்டார்.

இந்த இடத்தில் தேசிங்குக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பணத்தைப் பேசித் தீர்க்கலாம். டில்லிக்கு ஆள் அனுப்பிக் காலம் கடத்தலாம். இரண்டும் பிடிக்காவிட்டால் கோட்டைக் கதவை மூடிக்கொண்டு உள்ளே இருக்கலாம். மொகலாயப் பெரும்படையை ஏழு ஆண்டுகளுக்கு மேல் தடுத்து நிறுத்திய கோட்டை அல்லவா அது! மலைமேல் சுனை இருந்தது. களஞ்சியம் இருந்தது. மழைக்காலமும் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் கதவை மூடிக்கொள்வது கோழைத்தனம் என்று அவனுக்குத் தோன்றியது. குதிரை வீரன் வெளியே வந்து போரிட வேண்டும் என்று நினைத்தான்.

வெள்ளத்தில் பாய்ந்த குதிரை

1714-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ந்தேதி. செஞ்சியை அடுத்த கடலி கிராமத்தின் பக்கம் போர் நடந்தது.

நவாபின் படை பல ஆயிரம். தேசிங்கின் பக்கம் ஏறக்குறைய 350 குதிரை வீரர்களே இருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

புறப்படுமுன் சிங்கவரத்து மலையில் இருக்கும் ரங்கநாதரை வணங்கப் போனான் என்றும், அன்று போருக்குப் போகவேண்டாம் என்று குறி காட்டிச் சுவாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும் மக்கள் சொல்வார்கள். வழுதாவூரில் மணக்கோலத்தில் இருந்த மோமுத்துகான், செய்தி கேட்டதும் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு நீலவேணியின் மேல் ஏறினான் என்பதும் கதை. கூத்து நடக்கும் ஊர்களில் இந்த இடத்தில் பெண்கள் கண்ணீர் விடுவார்கள்.

குறுக்கே ஆறு. வெள்ளம் புரண்டு ஓடியது. காத்திருக்க மனம் இல்லை தேசிங்குக்கு. குதிரையை வெள்ளத்தில் இறக்கினான். சிலர் தொடர்ந்தார்கள். பலரால் கடக்க முடியவில்லை. கைவசம் இருந்த சின்னஞ்சிறு படையும் ஆற்றால் இரண்டாகப் பிரிந்துபோயிற்று!

கரையேறியவன் திரும்பிப் பார்க்கவில்லை. யானைகளை நோக்கியே குதிரையைச் செலுத்தினான். பகைவரே வியக்கும்படி போரிட்டான். மகபத்கான் மாண்டான். தேசிங்கின் குதிரை கால் வெட்டுண்டு சாய்ந்தது. அவன் தரையில் நின்று வாளைச் சுழற்றினான். துப்பாக்கிக் குண்டு ஒன்று அவன் உயிரைக் குடித்தது.

நாட்டுப்பாடல் வேறு விதமாக முடிகிறது. நண்பனையும் குதிரையையும் இழந்த துயரத்தில், தன் வாளை வானில் எறிந்து, மார்பில் ஏந்தி மாண்டான் என்று அது சொல்கிறது. தங்கள் ராஜா பகைவன் கையால் சாவதை மக்கள் விரும்பவில்லை போலும்.

கடலிக்குப் பக்கத்தில் நீலாம்பூண்டியில் மகபத்கானின் சமாதியையும், குதிரையின் சமாதி என்று ஓர் இடத்தையும் ஊரார் காட்டுவார்கள்.

ராணி

வெற்றி பெற்ற நவாபுக்கு மகிழ்ச்சி இல்லை. எதிரியின் வீரம் அவர் மனத்தை உருக்கிவிட்டது. தேசிங்கின் உடலை உரிய மரியாதையோடு தகனம் செய்ய ஏற்பாடு செய்தார். செஞ்சிக் கோட்டையில் செட்டிகுளம் என்ற குளத்தின் கரையில் ஒரு மேடை உண்டு. தேசிங்கின் சிதை மூண்டது அங்கேதான் என்று கூறப்படுகிறது.

அந்தச் சிதையில் இன்னொரு உயிரும் எரிந்தது. அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள்.

தன் ஊரை விட்டு, மொழி தெரியாத நாட்டுக்கு வந்தவள் அவள். வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. கணவன் போருக்குப் போவதா வேண்டாமா என்று அவளை யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் அவனுடைய முடிவுக்கு உண்டான விலையை அவளும் கொடுத்தாள். உடன்கட்டை ஏறும் வழக்கத்தைச் சென்னை ராஜதானியில் சட்டம் தடை செய்தது 1830-ஆம் ஆண்டில். அவளுக்கு அது 116 ஆண்டுகள் பிந்தி வந்த சட்டம்.

ராணிபாய் என்று கதை அவளைச் சொல்கிறது. அது பெயரா? ராணியை ராணி என்று அழைத்ததுதான்.

அவள் நினைவாகத்தான், ஆர்க்காட்டுக்கு எதிரே பாலாற்றின் வடகரையில் எழுந்த ஊருக்கு ராணிப்பேட்டை என்று பெயர் வந்தது. நவாப் தம் தலைநகரில் இருந்து ஆற்றைப் பார்த்தால், எதிர்க்கரையில் அந்தப் பெயர்தான் தெரியும். தேசிங்கையும் ராணியையும் நினைவூட்டும் மண்டபங்கள் அந்தக் கரையில் எழுப்பப்பட்டன.

கையால் தடவாத கால்

செஞ்சி நவாபின் கைக்குப் போயிற்று. 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி அதைப் பிடித்தார். 1761-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். பிறகு கோட்டையின் பெருமை மங்கியது. 2025-ஆம் ஆண்டில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கல்யாண மகாலின் பக்கத்தில், குதிரை லாயம் என்று காட்டப்படும் வளைவு வளைவான அறைகளைப் பார்க்கிறவர்கள், பாராசாரி நின்ற இடம் எது என்று கேட்காமல் போவதில்லை.

தேசிங்கு ஒரு முட்டாள் அல்லன். குதிரை விஷயத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று அவன் இனத்துக்குப் பரம்பரையாகத் தெரியும். கண்ணை நம்பாதே, கையால் தடவு. ஒரு நாளில் முடிவு செய்யாதே; மறுநாளும் பார். விற்பவன் அவசரப்படுத்தினால் பின்வாங்கு. இவ்வளவு பொறுமையை ஒரு மிருகத்தை வாங்குவதற்குக் காட்டும் மனிதர்கள், வாழ்க்கையின் பெரிய காரியங்களில் அதைக் காட்ட மறந்துவிடுகிறார்கள்.

பகைவனின் பலம் என்ன? தன் கையில் எத்தனை பேர்? ஆற்றில் வெள்ளம் வடிய எத்தனை நாள்? இந்த மூன்று கேள்விகளையும் ஒரு கிழட்டுக் குதிரைத் தரகன்கூடக் கேட்டிருப்பான். 22 வயது ராஜா கேட்கவில்லை.

அவன் தோற்றான் என்பதற்காக மக்கள் அவனை மறந்துவிடவில்லை. வென்ற நவாபின் பெயரைச் சரித்திரப் புத்தகத்தில் தேட வேண்டியிருக்கிறது. தோற்ற தேசிங்கின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்கிறது. துணிவுக்கு மக்கள் கொடுத்த மரியாதை அது.

ஆனால் துணிவின் விலை என்ன என்று தெரிய வேண்டுமானால், கூத்தைப் பார்த்தால் போதாது. ராணிப்பேட்டைக்குப் போக வேண்டும். சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் உரிய தோலைப் பதனிடும் ஊர் அது. அங்கே பாலாற்று மணலில் நின்று, அந்த ஊரின் பெயரை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

அதில் தேசிங்கு இல்லை. பாராசாரி இல்லை. அவனுக்காக எரிந்துபோன ஒரு சிறு பெண்தான் இருக்கிறாள்.